ஸ்டீக்கா? எத்தனை நிமிஷம்னு மட்டும் கேக்காதீங்க!

போன இதழ்ல யாரோ ஒருத்தருக்கு பதில் சொல்லும்போது, ஸ்டீக்கை, அதான் கனமா வெட்டி கல்லுல போட்டு எடுக்கற கறித்துண்டை, கடைக்குப் போய் காசை கொட்டி சாப்பிடறதுக்கு வீட்லயே சூப்பரா பண்ணலாமேன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், பீஃப் ஸ்டீக் பத்தி மட்டும் இத்தனை கேள்வியா! அதுல பாதி "ஒரு பக்கம் எத்தனை நிமிஷம்"தான். அதனால இந்த வாரம் பூரா ஸ்டீக் மட்டும். சைவ வாசகர்கள் மன்னிச்சுக்கோங்க, அடுத்த வாரம் கத்திரிக்காயோட வர்றேன்.

அண்ணா, நல்ல இறைச்சி எண்டு பாத்து வாங்கிக்கொண்டு வந்து தாச்சியில போட்டா தண்ணி விட்டு அவியுதே ஒழிய பொரியுதில்லை. சாம்பல் நிறத்தில வருது. மகன் சாப்பிட்டுட்டு "அம்மா, இது கறியா ஸ்டீக்கா" எண்டு கேக்கிறான். (ஸ்கார்பரோ வாசகி)

மகன் கேட்டது நியாயம்தான் அக்கா, ஆனா தப்பு உங்க கை மேல இல்ல, தண்ணி மேல. கறி மேல ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடத்துல சூடு 100 டிகிரியைத் தாண்டாது (நான் சொல்ற டிகிரி எல்லாமே செல்சியஸ்தான்), தண்ணி கொதிச்சு ஆவியாகி முடியணும், அப்புறம்தான் சூடு ஏறும். நாம ஆசைப்படற அந்த பிரவுன் கலரும் வாசனையும் கிட்டத்தட்ட 140 டிகிரிக்கு மேலதான் வேகமா வர ஆரம்பிக்கும். இதை மேயார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1912-ல எழுதி வச்சாரு, அவர் பேர்லயே மேயார் ரியாக்‌ஷன்னு சொல்றாங்க. கறியில இருக்கிற புரதமும் கொஞ்சூண்டு சர்க்கரையும் சேர்ந்து செய்ற வேலை அது.

அதனால முதல் வேலை, பேப்பர் டவல் எடுத்து மேல கீழ சைடு எல்லாம் நல்லா ஒத்தி எடுங்க, ஒரு தடவை இல்ல, புது பேப்பர் வச்சா அதுல ஈரம் ஒட்டாத வரைக்கும். அடுத்தது தாச்சி. குழிவான தாச்சி வேணாம், அதுல ஆவி உள்ளயே சுத்தும். தட்டையான கனமான இரும்பு பான், அது இல்லன்னா வீட்ல இருக்கிற வார்ப்பிரும்பு தோசைக்கல். நெஜமாத்தான் சொல்றேன், நல்லா பழகின தோசைக்கல்லு ஸ்டீக்குக்கு அருமையா வரும், எண்ணெய் வெளிய தெறிக்கும் அது ஒண்ணுதான் தொல்லை. (வீட்ல அம்மாவோ மாமியாரோ இருந்தா மாட்டுக்கறிக்குன்னு தனியா ஒரு கல்லு வாங்கிடுங்க, இந்த விஷயத்துல நான் யாருக்கும் பஞ்சாயத்து பண்ண வரமாட்டேன்.) கல்லை நல்லா காய வைங்க, நாலு பீஸையும் ஒண்ணா அடுக்காதீங்க, ரெண்டு ரெண்டா போடுங்க. போட்டதும் "சர்ர்ர்"னு சத்தம் வரணும், அது பாதியில அமுங்கி "புளுக் புளுக்"னு கேட்டுச்சுன்னா அவிய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

உப்பு போடற நேரமும் முக்கியம். நெறைய பேர் உப்பு போட்டு பத்து நிமிஷம் வச்சுட்டு போடுவாங்க, இருக்கறதுலயே மோசமான நேரம் அதுதான், ஏன்னா உப்பு அப்பத்தான் உள்ள இருக்கிற தண்ணியை மேல இழுத்து வச்சிருக்கும், கறி மேல முத்து முத்தா நிக்கும் பாருங்க. முக்கால் மணி நேரம் விட்டீங்கன்னா அந்த உப்புத்தண்ணி திரும்ப உள்ள போயிரும். அதனால ஒண்ணு முக்கால் மணி நேரம் முன்னாடி, இல்ல அடுப்புல போடறதுக்கு அந்த நிமிஷம், நடுவுல வேணாம். என்னைக் கேட்டா முந்தின நாள் ராத்திரியே, அரை கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மியா பொடி உப்பு தடவி, ஒரு கம்பி ரேக் மேல வச்சு, மூடாம ஃபிரிட்ஜ்ல விட்டுருங்க. காலைல பாத்தா மேல் தோல் காஞ்சு கருஞ்சிவப்பா இருக்கும், கெட்டுப்போச்சோன்னு பயப்படாதீங்க, அதுதான் வேணும்.

இன்னொண்ணு, நீங்க என்ன கறி வாங்கினீங்கன்னு எழுதல. கனடா கடைகள்ல லேபிள்லயே எழுதியிருக்கும், கிரில்லிங் ஸ்டீக், மேரினேட்டிங் ஸ்டீக், சிம்மரிங் ஸ்டீக்னு மூணு விதம். எல்லாத்துலயும் ஸ்டீக்னு இருக்கேன்னு விலை கம்மியா இருக்கறதை எடுத்துட்டு வந்துடறோம். சிம்மரிங்னா அது மெதுவா கொதிக்க வைக்க வேண்டிய கறி, அதை கல்லுல போட்டா ஜென்மத்துக்கும் மெல்லுவீங்க. கிரில்லிங்னு போட்டதை எடுங்க, ரிப்ஐ, ஸ்ட்ரிப்லாயின், டெண்டர்லாயின், டாப் சர்லாயின் எல்லாம் அதுல வரும். மாடு நடக்கறதுக்கும் நிக்கறதுக்கும் அதிகம் உழைக்காத நடு முதுகுப் பக்கத்து கறி, அதனாலதான் மெத்துன்னு இருக்கு, அதனாலதான் விலையும்.

ப்ரோ, சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிஷம்? யூடியூப்ல ஒருத்தர் 2ங்கறார், ஒருத்தர் 4ங்கறார். (பிராம்ப்டன் வாசகர்)

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் ப்ரோ, அவங்கவங்க கறிக்கும் அவங்கவங்க அடுப்புக்கும். உங்க ஸ்டீக் முக்கால் இன்ச்சா ஒன்றரை இன்ச்சா, ஃபிரிட்ஜ்ல இருந்து அப்படியே போட்டீங்களா, கேஸா எலெக்ட்ரிக் காயிலா, இதெல்லாம் தெரியாம நான் ஒரு நிமிஷக் கணக்கு சொன்னா அது கிளி ஜோசியம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, ஊசி மாதிரி குத்தற டிஜிட்டல் மாடல், ஒரு நல்ல ஸ்டீக் விலையை விட கம்மியாத்தான் வரும். சைடுல இருந்து நடு மையத்துக்குப் போற மாதிரி குத்திப் பாருங்க, எலும்பு மேல படக்கூடாது.

நடுவுல 50 டிகிரி சுமாருக்கு ரேர் (உள்ள நல்ல சிவப்பு), 54-ல இருந்து 57 வரைக்கும் மீடியம் ரேர், 60 - 63 மீடியம், 70ஐ தாண்டினா வெல் டன் (முழுசா வெந்தது). இது ரெஸ்டாரண்ட் கணக்கு. அமெரிக்க விவசாயத்துறை முழு ஸ்டீக்குக்கு சொல்றது 63 டிகிரி, அப்புறம் மூணு நிமிஷம் ஆற விடணும். கனடா அரசாங்கம் 63ஐத்தான் மீடியம் ரேர்ங்குது. ரெஸ்டாரண்ட்காரங்க அதுக்குக் கீழ எடுக்கறாங்க, கீழ போகப் போக ரிஸ்க் உங்களோடது, தெரிஞ்சு பண்ணுங்க. கொத்துக்கறி, பர்கர் இதுக்கெல்லாம் இந்த பேச்சே கிடையாது, 71 டிகிரி, அவ்ளோதான்.

எடுக்கும்போது நீங்க நினைச்ச சூட்டுக்கு ஒரு மூணு டிகிரி முன்னாடியே எடுத்துருங்க, வெளிய இருக்கிற சூடு உள்ள போய் மிச்சத்தை அதுவே வேக வச்சிரும், கனமான பீஸா இருந்தா அஞ்சு டிகிரி கூட ஏறும். எடுத்ததும் கத்தியோட பாயாதீங்க, ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, பிரியாணி தம் பிரிச்ச உடனே கரண்டி போட்டு கிளறக்கூடாதுன்னு சொல்றோம்ல, அதே பொறுமைதான். உடனே வெட்டினா சாறு பூரா பலகையில ஓடும்.

ஒரே ஒரு தடவைதான் திருப்பணும்னு ஒரு சட்டம் சுத்துது, அதை விடுங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் சமமா வேகும், சீக்கிரமாவும் ஆகும், வெளி ஓரத்துல அந்த வறண்ட சாம்பல் வளையமும் சின்னதாயிரும். அதே மாதிரி "நல்லா கருக்கினா சாறு உள்ள பூட்டிக்கும்"னு சொல்றது. 1847-ல லீபிக்னு ஒரு பெரிய ஜெர்மன் கெமிஸ்ட் கிளப்பி விட்டது, இன்னும் டிவி செஃப்புங்க சொல்லிட்டு இருக்காங்க. பூட்டிக்கிச்சுன்னா அந்த "சர்ர்" சத்தம் எங்கிருந்து வருது? உள்ள இருந்து தண்ணி வெளிய வந்து ஆவியாகற சத்தம்தானே அது! கருக்கறது ருசிக்கு, பூட்டறதுக்கு இல்ல.

அண்ணே, மார்க்கெட்ல காலைலயே போய் ஃப்ரெஷ்ஷா வெட்டின மாட்டுக்கறி வாங்கி ஸ்டீக் ட்ரை பண்ணேன். செருப்பு. பப்பாளிக்காய் அரைச்சு தடவி வச்சேன், அப்பவும் மேல மாவாவும் உள்ள ரப்பராவும் இருந்துச்சு. நம்ம ஊர் கறியில ஸ்டீக் வராதா? (சென்னை வாசகர்)

வரும் தம்பி, ஆனா அந்த "ஃப்ரெஷ்"தான் இங்க வில்லன். குழம்புக்கும் வறுவலுக்கும் காலைல வெட்டின கறி சரி, குக்கர் பாத்துக்கும். ஸ்டீக்குக்கு அது ஆகாது. வெட்டின சில மணி நேரத்துல தசை எல்லாம் விறைச்சுப் போகும், அப்புறம் குளிர்ல கெடக்கும்போது கறிக்குள்ள இருக்கிற என்சைம்களே நாரை கொஞ்சம் கொஞ்சமா அறுத்து இளக்கும், அதுக்கு நாள் கணக்குல ஆகும். வெளிநாட்டுல கடைக்கு வர்ற ஸ்டீக் எல்லாம் ரெண்டு மூணு வாரம் கூட குளிர்ல இருந்துட்டுதான் வருது. நீங்க அவ்ளோ தூரம் வீட்ல போக வேணாம், ஆபத்து. வாங்கின உடனே சில்லுன்னு கொண்டு வந்து, உப்பு தடவி ஃபிரிட்ஜோட அடித்தட்டுல ரெண்டு நாள் வைங்க, வித்தியாசம் தெரியும்.

ரெண்டாவது, நம்ம ஊர்ல பீஃப்னு கைக்கு வர்றது பல நேரம் எருமைதான். கறி நல்ல கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பு வெள்ளை வெளேர்னு இருக்கும், மாட்டுக் கொழுப்புல தெரியற அந்த மஞ்சள் இருக்காது. எருமைக்கறியில கொழுப்பே கம்மி, நடுவுல வெள்ளை வெள்ளையா கோடு ஓடுமே மார்பிளிங், அது இருக்காது. அதுவும் பால் குடுத்து, ஏர் உழுது, வயசான பிறகுதான் கறிக்கு வருது, நார் இருக்கத்தான் செய்யும். அதனால ஸ்டீக்குன்னா ஒரே ஒரு பீஸ்தான், அண்டர்கட்னு கேளுங்க, முதுகெலும்புக்கு அடியில நீளமா கெடக்கும், டெண்டர்லாயின்னு சொல்றது இதுதான். தொடைக்கறியை ஸ்டீக் சைஸுக்கு வெட்டிக் குடுத்தா வாங்காதீங்க. மேல இருக்கிற வெள்ளி கலர் ஜவ்வை கத்தியால வழிச்சு எடுத்துருங்க, அது எவ்ளோ வேக வச்சாலும் கரையாது. நாருக்கு குறுக்கால ஒன்றரை இன்ச் கனத்துக்கு துண்டு போடுங்க.

பப்பாளி பத்தி சொல்லணும்னா, அதுல இருக்கிற பப்பாயின் ஒரு நாலஞ்சு மில்லிமீட்டர் கூட உள்ள இறங்காது, பட்ட இடத்தை மட்டும் கூழாக்கிடும். நீங்க பாத்தது அதேதான். மெல்லிசா வெட்டின கபாபுக்கு சரி, கனமான ஸ்டீக்குக்கு வேஸ்ட்.

ஒரு எச்சரிக்கை. திறந்த வெளில ஈ மொய்க்க தொங்கற கறியை வாங்கி மீடியம் ரேர் சாப்பிடறேன்னு கிளம்பாதீங்க. அந்த 55 டிகிரி விளையாட்டெல்லாம் வெட்டினதுல இருந்து குளிர் விட்டுப்போகாம வந்த கறிக்கு. மார்க்கெட் கறின்னா 63-க்கு கீழ வேணாம், அண்டர்கட் அந்த சூட்டுலயும் மெத்துன்னுதான் இருக்கும்.

மாமனார் வந்திருந்தப்ப ஆசையா ஸ்டீக் பண்ணேன், "ரத்தம் ஒழுகுது, இதை மனுசன் திம்பானா"ன்னு எழுந்து போயிட்டார். அவருக்கு எப்படி புரிய வைக்கறது? (மெல்போர்ன் வாசகி)

எதுக்கும்மா புரிய வைக்கணும், அவருக்கு வெந்ததா குடுத்துருங்க. விஷயத்துக்கு சொல்றேன், அது ரத்தம் இல்ல. ரத்தம் வெட்டும்போதே வடிஞ்சு போயிரும். தட்டுல ஓடறது தண்ணியும் மயோகுளோபின்னு தசைக்குள்ள இருக்கிற ஒரு சிவப்பு புரதமும். ஆனா எழுபது வயசு மனுஷர் கிட்ட போய் மயோகுளோபின் கிளாஸ் எடுத்தா ஸ்டீக்கோட சேர்த்து உங்களையும் ஒதுக்கிடுவார்.

வெல் டன் சாப்பிடறவங்களை மட்டமா பாக்கற ஒரு கூட்டம் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது. பிரச்னை என்னன்னா டெண்டர்லாயின் மாதிரி கொழுப்பில்லாத பீஸை வெல் டன் பண்ணா பஞ்சாயிரும். அவருக்குன்னு கொழுப்பு ஓடற ரிப்ஐ எடுங்க, அரை இன்ச் மெல்லிசா, மிதமான தீயில திருப்பித் திருப்பி 70 வரைக்கும் கொண்டு போங்க, கடைசியில ஒரு ஸ்பூன் நெய்யில நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு மேல ஊத்துங்க. மெல்லிசா வெட்டி சோத்தோட வச்சா ரெண்டாவது தடவை கேப்பார்.

மனைவி அஞ்சு மாசம். ஸ்டீக் சாப்பிடணும்னு ஆசைப்படறா. குடுக்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

குடுங்க, ஆனா நடுவுல ரோஸ் கலர் துளியும் இருக்கக்கூடாது. சரியா வேகாத கறியில டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாம கூட போகலாம் ஆனா வயித்துல இருக்கிற குழந்தையை பாதிக்கும். 71-க்கு மேல கொண்டு போங்க, மேல சொன்ன மாமனார் ஸ்டீக்கையே செஞ்சு குடுங்க. பச்சைக் கறியை வெட்டின கத்தி, பலகையை கழுவாம சாலட் வெட்டிடாதீங்க. மத்தபடி டாக்டர் என்ன சொல்றாங்களோ அதுதான்.

பாக்கெட்ல "மெக்கானிக்கலி டெண்டரைஸ்டு"னு சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு. நல்லதா கெட்டதா? (மிஸ்ஸிசாகா வாசகி)

இதைக் கவனிச்சதுக்கே உங்களுக்கு ஒரு சபாஷ். ஃபேக்டரியில கறியை ஊசியாலயோ மெல்லிய கத்தியாலயோ நூறு எடத்துல குத்தி எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், நார் அறுந்து மெத்துன்னு ஆகறதுக்காக. ருசிக்கு கெடுதல் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, முழு ஸ்டீக்ல கிருமி இருந்தா பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும், கல்லுல போட்டதும் செத்துரும், அதனாலதான் உள்ள சிவப்பா இருந்தாலும் தைரியமா சாப்பிடறாங்க. ஊசி குத்தினா மேல இருக்கிற கிருமி உள்ள போயிருதே! 2012-ல ஆல்பர்ட்டால ஒரு பெரிய கறி ஆலையில இருந்து ஈ-கோலை கிருமி பரவி ஏகப்பட்ட கறியைத் திரும்ப வாங்கினாங்க, ஞாபகம் இருக்கலாம். அதுக்கப்புறம் 2014 ஆகஸ்ட்ல இருந்து கனடாவில இந்த லேபிள் கட்டாயம். இந்த ஸ்டிக்கர் இருந்தா 63 டிகிரிக்கு குறையக் கூடாது, வேகும்போது ரெண்டு தடவையாவது திருப்பணும். மீடியம் ரேர் 55-ல எடுக்கணும்னு ஆசைன்னா ஸ்டிக்கர் இல்லாத பீஸா பாத்து வாங்குங்க, இல்ல கசாப்பு கவுன்ட்டர்ல கேட்டு கண்ணு முன்னாடி வெட்டி வாங்குங்க.

ஒவ்வொரு தடவையும் ஸ்மோக் அலாரம் அடிச்சு பக்கத்து வீட்டுக்காரர் வந்துடறார். புகையில்லாம வழி இருக்கா? (ஸ்கார்பரோ, இன்னொரு வாசகர்)

அவருக்கும் ஒரு பீஸ் குடுத்துப் பாருங்க, வர்றது நிக்காது ஆனா கோவம் நிக்கும். சரி, வழி இருக்கு. எண்ணெயை பான்ல ஊத்தாம கறி மேல மெல்லிசா தடவுங்க. செக்கு எண்ணெய், சாதா வெண்ணெய் ரெண்டும் சீக்கிரம் புகையும், வேணாம், ரீஃபைண்டு கனோலாவோ சூரியகாந்தியோ எடுங்க. நம்ம நெய் இன்னும் பெஸ்ட், வெண்ணெயில கருகற பால் சமாச்சாரத்தை எல்லாம் உருக்கும்போதே எடுத்துடறோமே.

ஒன்றரை இன்ச் கனமான பீஸா இருந்தா ஓவன் வழியில போங்க. ஓவனை 120 டிகிரிக்கு வச்சு, ரேக் மேல ஸ்டீக்கை வச்சு, நடுவுல 47 - 48 வர்ற வரைக்கும் விடுங்க, அரை மணி நேரம் முன்ன பின்ன ஆகும், தெர்மாமீட்டரைப் பாருங்க கடிகாரத்தை இல்ல. வெளிய எடுக்கும்போது மேல் பக்கம் நல்லா காஞ்சு போயிருக்கும், பாக்க சகிக்காது, கவலைப்படாதீங்க. நல்லா காஞ்ச கல்லுல பக்கத்துக்கு ஒரு நிமிஷம் போதும் தங்கமா பிரவுன் ஆயிரும், புகையும் அந்த ஒரு நிமிஷம்தான். உள்ள ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே ரோஸ் கலரா இருக்கும். என் ஓட்டு எப்பவும் இதுக்குத்தான், ஆனா மெல்லிசான பீஸுக்கு இது செல்லாது, ஓவன்லயே வெந்து முடிஞ்சிரும்.

இஞ்சி பூண்டு விழுது, மிளகாத்தூள், கரம் மசாலா தடவலாமா? (திருச்சி வாசகி)

உங்க கறி, உங்க இஷ்டம். ஆனா அந்த சூட்டுல விழுது கருகி கசக்கும், அதோட ஈரமும் சேர்ந்து முதல் கேள்வியில சொன்ன அவியல் கதை ஆயிரும். மிளகாத்தூளும் அப்படித்தான், நெடி ஏறி வீடே தும்மும். காரம் வேணும்னா பின்னாடி சேருங்க. ஸ்டீக்கை எடுத்துட்டு தீயைக் குறைச்சு, அதே பான்ல ஒரு ஸ்பூன் வெண்ணெய், பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒண்ணுரெண்டா இடிச்ச மிளகு ஒரு ஸ்பூன் போட்டு வதக்குங்க, அரை கப் தண்ணி ஊத்தி அடியில ஒட்டியிருக்கறதை எல்லாம் மரக்கரண்டியால சுரண்டுங்க, ருசி பூரா அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. கெட்டியானதும் ஸ்டீக் ஆறும்போது பலகையில விட்ட சாறையும் இதுல ஊத்திருங்க. பரோட்டாவைத் தொட்டு சாப்பிட்டாலும் நான் கேக்க மாட்டேன்.

ஃப்ரீசர்ல கல்லு மாதிரி இருக்கு, திடீர்னு கெஸ்ட். அப்படியே போடலாமா? மிச்சமானா என்ன பண்றது? (பிராம்ப்டன் வாசகி)

போடலாம், ஒன்றரை இன்ச் பீஸா இருந்தா. மேல இருக்கிற ஐஸை சுரண்டிட்டு நல்ல சூடான கல்லுல எண்ணெய் கொஞ்சம் தாராளமா விட்டு ரெண்டு பக்கமும் கருக்குங்க, தெறிக்கும், தள்ளி நில்லுங்க. அப்புறம் 135 டிகிரி ஓவன்ல வச்சு சூடு பாத்து எடுங்க, வழக்கத்தை விட நேரம் கூட ஆகும், கெஸ்ட்டுக்கு முதல்ல டீயும் மிக்சரும் குடுங்க.

மிச்சத்தை மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, ஒரு நிமிஷத்துல வெல் டன் ஆயிரும். ஃபிரிட்ஜ்ல வச்சு மூணு நாளுக்குள்ள, ஜில்லுன்னு இருக்கும்போதே நாருக்கு குறுக்கால மெல்லிசா வெட்டி, கொத்து ரொட்டியில கடைசி நிமிஷம் போட்டு ரெண்டு புரட்டு புரட்டி இறக்குங்க.